பானைக்குக் கிடைத்த ஆசனம்

1978-ஆம் வருஷம் மார்ச் 12-ஆம் தேதி, லண்டனில் 'நியூ லண்டன் தியேட்டர்' என்ற அரங்கில் ஒரு விசித்திரமான கச்சேரி நடந்தது. ஐந்து தேசங்களிலிருந்து ஐந்து குழுக்கள் வந்து வாசித்தன. இங்கிலாந்திலிருந்து ஹென்றி கௌ, இத்தாலியிலிருந்து ஸ்டார்மி ஸிக்ஸ், ஸ்வீடனிலிருந்து ஸாம்லா மம்மாஸ் மன்னா, பெல்ஜியத்திலிருந்து யூனிவெர் ஸேரோ, பிரான்ஸிலிருந்து எத்ரோன் ஃபூ லெலூப்ளான். பெயர்களைப் பார்த்து நேயர்கள் மிரள வேண்டாம். அன்று லண்டன்காரர்களுக்கே அவற்றில் பாதி வாயில் நுழைந்திருக்காது. விசித்திரம் பெயரில் இல்லை. இசைத்தட்டுக் கம்பெனிகளுக்கு எங்கள் சங்கீதம் வேண்டாமாம்; ஆகையால் கம்பெனிகளை ஒதுக்கிவிட்டு நாங்களே கூடி வாசிக்கிறோம் என்று பகிரங்கமாகச் சொல்லிக்கொண்டு நடத்திய கச்சேரி அது. தங்கள் கூட்டணிக்கு 'ராக் இன் ஆப்போஸிஷன்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். சட்டசபையில் எதிர்க்கட்சி வரிசை என்கிறோமே, அந்த வரிசையில் உட்கார்ந்த ராக் சங்கீதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் காலத்தில் 'ப்ரோக்ரஸிவ் ராக்' என்று ஒரு பெரிய ராஜாங்கமே மேல்நாட்டில் நடந்துகொண்டிருந்தது. அந்தச் சொல்லை 'முற்போக்கு ராக்' என்று மொழிபெயர்த்தால் நம் ஊரில் எழுத்தாளர் சங்கம் ஏதோ நினைவுக்கு வந்துவிடும். அதனால் அப்படியே விட்டுவிடுகிறேன். மூன்று நிமிஷத்தில் முடியும் காதல் பாட்டுக்குப் பதிலாக, இருபது நிமிஷம் ஓடும் பெரிய உருப்படிகளைப் பண்ணலாம், மேல்நாட்டுச் சாஸ்திரிய சங்கீதத்திலிருந்தும் ஜாஸிலிருந்தும் கடன் வாங்கலாம், ஒரு தட்டின் இரண்டு பக்கத்தையும் ஒரே கதையாக்கலாம் என்று 1960-களின் கடைசியில் கிளம்பியது அது. கிளம்பிய ஐந்தாறு வருஷத்துக்குள் அதில் பணம் கொட்ட ஆரம்பித்தது. பணம் வந்தால் பரிவாரமும் வரும் அல்லவா? எமர்ஸன், லேக் அண்ட் பாமர் என்ற குழு 1977-இல் எழுபது பேர் கொண்ட ஓர் ஆர்கெஸ்ட்ராவையே கூட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பி, செலவு தாங்காமல் பாதி வழியில் அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. நம்மூரில் கல்யாண ஊர்வலத்துக்கு யானை வைத்தவன் கதைதான்.

நான் சொல்ல வந்தது இந்த யானைக்காரர்களைப் பற்றி அல்ல. அந்த ராஜாங்கத்தின் எல்லையோரத்தில் குடிசை போட்டுக்கொண்டு, கிறுக்கு என்று பெயர் வாங்கிய சிலரைப் பற்றி.

எல்லையோரம் என்று சொன்னாலும், அதற்கு வழி போட்டவர்கள் ராஜதானியிலேயே இருந்தார்கள். 1969-இல் முதல் தட்டு வெளியிட்ட கிங் கிரிம்ஸன் என்ற குழு அப்படிப்பட்டது. அதன் தலைவர் ராபர்ட் ஃப்ரிப் நின்று ஆடிக்கொண்டு வாசிக்கிற ஆசாமி இல்லை. முக்காலியில் உட்கார்ந்து, கணக்குப்பிள்ளை பேரேட்டைப் பார்ப்பதுபோல் கிதாரைப் பார்த்துக்கொண்டு வாசிப்பார். 1973-இல் வந்த தட்டில் ஜேமி ம்யூர் என்பவரைத் தாளத்துக்குச் சேர்த்துக்கொண்டார். அவர் தகரத்தையும் சங்கிலியையும் விளையாட்டுச் சாமான்களையும் தட்டி வாசித்தார். தட்டு வெளிவந்த சமயத்திலேயே எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஸ்காட்லாந்தில் ஒரு பௌத்த மடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். சங்கீதத்திலிருந்து சந்நியாசத்துக்குப் போகிற பாதை நமக்குப் புதிதல்ல. தகரத்திலிருந்து போனவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

பிரான்ஸில் மாக்மா என்ற குழு. கிறிஸ்டியன் வாண்டர் என்ற டிரம் வித்வான் 1969-இல் அதை ஆரம்பித்தார். பூமி கெட்டுப்போயிற்று, சிலர் 'கோபாயா' என்ற கிரகத்துக்குக் குடிபோகிறார்கள் என்பது அவருடைய கற்பனைக் கதை. கதையோடு நின்றிருந்தால் சரி. அந்தக் கிரகத்து ஜனங்களுக்கு ஒரு பாஷையையும் தாமே உண்டாக்கி, தட்டு முழுவதும் அதிலேயே பாடவைத்துவிட்டார்! அர்த்தம் தெரியாத பாட்டை யார் கேட்பார்கள் என்று தோன்றும். தனி ஆவர்த்தனத்தில் கொன்னக்கோல் சொல்லும்போது அகராதியைத் தேடிக்கொண்டா நாம் கேட்கிறோம்? தாளத்தோடு சேர்ந்து வருகிற எழுத்துக்குத் தனியாக ஒரு பொருள் உண்டு. அதை வாண்டர் நமக்குத் தெரியாமலேயே நம் வழியில் கண்டுபிடித்தார் என்று சொல்லலாம்.

ஜெர்மனியில் ஃபவுஸ்ட். ஒரு பத்திரிகைக்காரர் பெரிய கம்பெனி ஒன்றின் பணத்தில், வூம்மே என்ற கிராமத்துப் பழைய பள்ளிக்கூடத்தை ஒலிப்பதிவு நிலையமாக்கி, இளைஞர்கள் சிலரை அங்கே குடிவைத்தார். 1971-இல் வந்த முதல் தட்டு கண்ணாடிபோல் ஊடுருவிப் பார்க்கலாம். உறையில் எக்ஸ்ரே எடுத்த ஒரு முஷ்டி. விற்கவில்லை. பிறகு 1973-இல் இங்கிலாந்தில் ஒரு புதுக் கம்பெனி இவர்களுடைய துண்டு துணுக்குப் பதிவுகளையெல்லாம் சேர்த்து ஒரு முழுத் தட்டாக்கி, 49 பென்ஸுக்கு விற்றது. ஒரு சின்னத் தட்டின் விலை அது. மலிவாயிற்றே என்று வாங்கிக்கொண்டு போனவர்கள் ஏராளம். வீட்டில் போட்டுக் கேட்டதும் அவர்களில் எத்தனை பேர் முகம் எப்படிப் போயிற்று என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. மேடையில் இவர்கள் சாலை போடுகிறவர்களின் துளைக் கருவியைக் கொண்டுவந்து சிமெண்டைத் துளைப்பதும் உண்டு.

இந்தத் துளைக் கருவி விஷயத்தை நான் ஒரு நூதனமான நேயரிடம் சொல்ல நேர்ந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரையே.

நான் குடியிருப்பது ஸ்ரீபெரும்புதூரில், ஆதிகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில். ராமாநுஜர் 1017-இல் பிறந்த ஊர் என்பதே எங்கள் தலைமுறைக்கு இந்த ஊரின் விலாசம். 1991 மே 21-க்குப் பிறகு அதற்கு வேறொரு துயரமான விலாசமும் சேர்ந்துகொண்டது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கொரியாக்காரர்களின் கார் தொழிற்சாலை ஓட ஆரம்பித்தது. 2006-இல் செல்பேசித் தொழிற்சாலை வந்தது, 2014-இல் அது மூடப்பட்டது. ஏரியும் நஞ்சையுமாக இருந்த ஒரகடத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள் என்று வரிசையாக எழுந்தன. இப்போது விடியற்காலையில் திருப்பள்ளியெழுச்சிக்கு முன்னால் கம்பெனி பஸ்கள் எழுந்துவிடுகின்றன. என் வீட்டு மாடியில் திண்டிவனம் பக்கத்துப் பிள்ளைகள் நாலு பேர் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் ஒரகடத்தில் தகடு அடிக்கும் பிரிவில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறான். லீவு நாளில் ஒரு லைட் மியூசிக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறான். ஒரு நாள் மாடியிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு, ஏதோ உடைந்துவிட்டது என்று ஏறிப்போய்ப் பார்த்தேன். உடையவில்லை, ஹென்றி கௌ வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"இதை எதற்கப்பா கேட்கிறாய்?" என்றேன்.

"நாள் பூரா மிஷின் ஒரே கணக்கா இடிக்குது சார். ரூமுக்கு வந்து பாட்டு போட்டா அதுவும் ஒரே கணக்கா இடிக்குது. இதுலதான் அடுத்தது எப்ப விழும்னு தெரியல. அது நல்லா இருக்கு சார்."

சங்கீத விமரிசகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதில் இவ்வளவு தெளிவை நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து எனக்குத் தெரிந்ததை அவனுக்குச் சொல்வதும், அவன் கேட்டதை எனக்குப் போட்டுக் காட்டுவதுமாக இருக்கிறோம். சிமெண்டைத் துளைத்த கதையைக் கேட்டு, "சேஃப்டி கண்ணாடி போட்டிருந்தாங்களா சார்?" என்று விசாரித்தான். தொழில் தெரிந்தவன்! ஆனால் அவன் அடிக்கடி கேட்கிற கேள்வி வேறு. "இவங்கல்லாம் எப்படி சார் சாப்பிட்டாங்க?"

இந்தச் சரித்திரத்தில் மிக முக்கியமான கேள்வி அதுதான் என்று எனக்கும் தோன்றுகிறது. ஏழரை மாத்திரைத் தாளத்தில் வாசிப்பது பெரிய சோதனை அல்ல, பழகினால் வந்துவிடும். குழுவுக்குள் யார் எங்கே உட்காருவது, காசு யார் கையில் இருப்பது என்ற இரண்டையும் மாற்றிப் பார்ப்பதுதான் மெய்யான சோதனை. அப்படி மாற்றிப் பார்த்தவர்கள் மிகச் சிலர்.

காசு விஷயத்தில் துணிந்தவர்கள் ஹென்றி கௌ. 1968-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஃப்ரெட் ஃப்ரித், டிம் ஹாட்ஜ்கின்ஸன் என்ற இரண்டு மாணவர்கள் ஆரம்பித்த குழு. 1971-இல் கிறிஸ் கட்லர் டிரம் வாசிக்க வந்து சேர்ந்தார். 1973-இல் அந்த 49 பென்ஸ் கம்பெனியே இவர்களையும் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஃபவுஸ்டுடன் சேர்த்து இங்கிலாந்து முழுவதும் சுற்ற அனுப்பியது. முதல் தட்டின் உறையில் ஒரு காலுறைப் படம். தட்டின் பெயரைச் சேர்த்துச் சொன்னால் புராணக் கதை என்று அர்த்தம், பிரித்துச் சொன்னால் கால் நுனி என்று அர்த்தம். சிலேடைக்குக் காளமேகம் நம் ஊரில் மட்டும்தான் பிறக்க வேண்டும் என்று கட்டாயமா?

இவர்கள் வாசிப்பில் ஒரு பாதி, ஸ்வரம் ஸ்வரமாகத் தாளில் எழுதிவைத்து மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தது. கைதேர்ந்தவர்களுக்கே விரல் இடறும். மற்றொரு பாதி, எதையும் எழுதாமல் மேடையில் அந்தக் கணத்தில் உண்டாக்குவது. நம்முடைய மனோதர்மத்துக்கு ராகம் என்ற கரை உண்டு. இவர்கள் கரையையும் சேர்த்து அன்றன்று உண்டாக்கினார்கள். சில இரவுகளில் கரை உண்டாகாமலே போயிருக்கும். அதற்கு அவர்கள் அஞ்சவில்லை.

1974-இல் லிண்ட்ஸே கூப்பர் என்ற பெண்மணி பஸூன், ஓபோ ஆகிய குழல்களோடு வந்து சேர்ந்தார். ராக் மேடையில் பஸூன் என்பது தவில் கோஷ்டியில் வீணை வந்து உட்கார்ந்த மாதிரி. பிறகு டாக்மார் க்ரவுஸே என்ற ஜெர்மானியப் பாடகி. 1976-இல் ஜார்ஜினா பார்ன், செல்லோவோடு. கடைசிக் காலத்தில் குழுவில் பாதிப் பேர் பெண்கள். அன்றைய ராக் உலகத்தில் பெண் என்றால் பாடகி, அல்லது ரசிகை; கனமான வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவள் அல்ல. குழுவில் முதலாளி கிடையாது. எல்லா விஷயமும் கூட்டம் போட்டுப் பேசித் தீர்மானம். கம்பெனியின் ஆதரவு தேய்ந்து போனபோது, இவர்கள் தங்கள் வண்டியில் தங்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு, கச்சேரிகளைத் தாங்களே பேசி முடித்துக்கொண்டு ஐரோப்பா முழுவதும் அலைந்தார்கள். இத்தாலியில் கம்யூனிஸ்டுக் கட்சி தன் பத்திரிகையின் பெயரால் ஊர் ஊராக நடத்திவந்த திருவிழாக்களில் வாசித்தார்கள். அங்கே கூடியவர்கள் குடும்பத்தோடு வந்த தொழிலாளிகள். பலகாரக் கடைக்கும் ராட்டினத்துக்கும் நடுவில் இந்தச் சங்கீதம்! படித்த மேதாவிகளுக்கு மட்டுமே இது புரியும் என்று லண்டனில் முடிவு கட்டியிருந்த சங்கீதத்துக்குப் பிழைப்புக் கொடுத்தவற்றில் அந்த விழாக்களும் உண்டு என்று மாடிப் பையனிடம் சொன்னேன். "அப்ப நான் கேக்கறதுல தப்பில்ல" என்றான்.

அலைந்த ஊர்களில் எல்லாம் தங்களைப் போலவே கம்பெனி சீந்தாத குழுக்கள் இருப்பதை இவர்கள் பார்த்தார்கள். அதில் பிறந்ததுதான் நான் முதலில் சொன்ன 1978 லண்டன் கச்சேரி. பெல்ஜியத்து யூனிவெர் ஸேரோ அன்று வந்த குழுக்களில் என் மனசுக்கு மிக நெருங்கியது. பஸூனும் வயலினும் ஹார்மோனியமும் வைத்துக்கொண்டு, நம் பஜனை மடத்து ஹார்மோனியமா இது என்று குலை நடுங்கும்படி வாசிப்பார்கள். அமாவாசை இரவில் தனியாகக் கேட்க வேண்டாம். கூட்டணியில் சேர விரும்பும் குழுவுக்குச் சங்கீதத் தரம் வேண்டும், சமூகப் பொறுப்பு வேண்டும், கம்பெனிச் சந்தைக்கு வெளியே நிற்க வேண்டும் என்று விதி செய்தார்கள். அதே வருஷக் கடைசியில் இன்னும் மூன்று குழுக்கள் சேர்ந்தன. அடுத்த வருஷம் மிலான் நகரத்தில் ஒரு விழா. அதன் பிறகு அமைப்பு என்ற முறையில் கரைந்துவிட்டது. விதிமுறைகளைப் பற்றி விவாதித்தே கரைகிற சங்கங்களை நாம் பார்த்ததில்லையா?

ஹென்றி கௌ அந்த 1978-லேயே கலைந்தது. கடைசித் தட்டைத் தங்கள் சொந்த முத்திரையில் வெளியிட்டார்கள். கட்லர் அதே வருஷம் தாமே ஒரு சிறிய விநியோக ஸ்தாபனம் தொடங்கி, கம்பெனிகள் தொடாத தட்டுகளைத் தபாலில் உலகமெங்கும் அனுப்பினார். ஜார்ஜினா பார்ன் பிற்பாடு மானிடவியல் படித்து ஆக்ஸ்போர்டில் பேராசிரியரானார். பாரிஸில் அரசாங்கப் பணத்தில் நடக்கும் நவீன சங்கீத ஆராய்ச்சி நிலையத்தைப் பற்றி, ஒரு பழங்குடியை ஆராய்வதுபோல் ஆராய்ந்து புத்தகம் எழுதினார். லிண்ட்ஸே கூப்பர் நரம்பு நோயால் பல வருஷம் அவதிப்பட்டு 2013-இல் காலமானார். எங்கள் ஊர் ராமாநுஜர், குரு ரகசியமாகச் சொன்ன மந்திரத்தைத் திருக்கோஷ்டியூரில் கோபுரத்தின் மேல் ஏறி எல்லோருக்கும் சொன்னார் என்பார்கள். இவர்களும் உயரத்தில் ஏறி எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார்கள். கேட்டவர்கள் கொஞ்சம் பேராகையால் அது ரகசியமாகவே தங்கிவிட்டது.

"நம்ம பக்கத்துல இது மாதிரி யாரும் இல்லையா சார்?" என்று ஒரு நாள் பையன் கேட்டான்.

இருக்கிறார்கள். அவர்கள் மாற்றிப் பார்த்தது ஆசனத்தை. அந்தக் கதை அமெரிக்காவில் ஆரம்பமாகிறது.

ஜான் மக்லாக்லின் என்ற ஆங்கிலேயர் 1971-இல் நியூயார்க்கில் 'மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா' என்று ஒரு குழு அமைத்தார். பெயரைப் பார்த்து ஸ்ரீவைஷ்ணவ கோஷ்டி என்று எங்கள் ஊர்க்காரர்கள் ஏமாந்துவிடக் கூடாது. மகாவிஷ்ணு என்பது அவருக்கு ஸ்ரீ சின்மய் என்ற வங்காளத்து குரு வைத்த பெயர். ராக் சங்கீதத்தின் இரைச்சலும் ஜாஸின் வேகமும் விநோதமான தாளக் கணக்குகளும் சேர்ந்த சங்கீதம் அது. மின்னல் வேகம், இடி முழக்கம். இரண்டே வருஷத்தில் உலகப் புகழ்; இரண்டே வருஷத்தில் சண்டையும் பிளவும். புகழின் உச்சியில் இருந்த அந்த மனிதர் அதே காலத்தில் செய்துகொண்டிருந்த வேறொரு காரியம்தான் நமக்கு முக்கியம். கனெக்டிகட் மாகாணத்தில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றார்.

வெஸ்லியனை அந்த நாளில் மைலாப்பூரின் ஒரு மாடவீதி என்றே சொல்லலாம். பாலசரஸ்வதியின் சகோதரர்கள் ரங்கநாதன் மிருதங்கமும் விசுவநாதன் புல்லாங்குழலும் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். ராமநாதபுரம் கிருஷ்ணனின் சகோதரர் ராகவன் மிருதங்கம் சொல்லிக்கொடுத்தார். எல். சங்கர் என்ற வயலின் வித்வான் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். இவர் வி. லக்ஷ்மிநாராயணாவின் பிள்ளை, எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம் ஆகியோரின் தம்பி. தகப்பனார் யாழ்ப்பாணத்தில் வயலின் ஆசிரியராக இருந்தவர். 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னைக்கு வந்துவிட்டது.

மக்லாக்லின், சங்கர், அல்லா ரக்காவின் பிள்ளை ஜாகிர் உசேன், கட வித்வான் டி.எச். விநாயக்ராம் ஆகியோர் சேர்ந்தது 'சக்தி'. ராகவன் மிருதங்கத்தோடு சேர்ந்துகொள்ள, 1975 ஜூலை 5-ஆம் தேதி நியூயார்க் அருகே சவுதாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியைப் பதிவு செய்து, 1976-இல் முதல் தட்டாக வெளியிட்டார்கள். மின்சாரக் கிதாரின் முழக்கத்துக்குப் பேர்போன மனிதர், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அவருக்கென்று கிப்ஸன் கம்பெனியில் ஒரு தனிக் கிதார் செய்தார்கள்: மெட்டுக்களுக்கு நடுவே மரத்தைப் பள்ளமாகக் குடைந்து, வீணையைப்போல் தந்தியை அழுத்திக் கமகம் கொடுக்க வசதி, குறுக்கே ஏழு அனுநாதத் தந்திகள். வாத்தியத்தையே வெட்டித் திருத்திக்கொண்டு வந்து நம் இலக்கணத்துக்குக் கட்டுப்பட்ட மேல்நாட்டார் அதற்கு முன் அதிகம் பேர் இல்லை.

அந்தத் தட்டைக் கேட்டுவிட்டு, எங்கள் தெருவில் உள்ள மிருதங்க வித்வான் ஒருவர் தீர்ப்புச் சொன்னார்: "ஐந்தும் ஏழும் ஒன்பதும் நம்மாத்துக் குழந்தை ஏழு வயசிலே சொல்லிடும் ஓய்! தகதகிட, தகிடதகதிமி, தகதிமிதகதகிட. இதிலே அவன் என்ன புதுசாக் கண்டுட்டான்?"

கணக்கு நம்முடையதுதான், சந்தேகமில்லை. ஒரு கோர்வையை மூன்று முறை அடுக்கிச் சமத்தில் கொண்டுவந்து இறக்கும் வித்தையைச் 'சக்தி' அப்படியே நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது. அதைக் கிதாரும் வயலினும் கடமும் தபலாவும் ஒரே மூச்சில் பாய்ந்து இறக்கும்போது மயிர்க்கூச்செறியும். ஆனால் வித்வானே, அந்த மேடையில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று பார்த்தீரா? நம் கச்சேரியில் நடுவில் பாடகர். பக்கத்தில் வயலினும் மிருதங்கமும். பின்னால், இடம் இருந்தால், கடம். அதற்கு நாம் வைத்திருக்கும் பெயரே உபபக்கவாத்தியம், பக்கத்துக்கும் பக்கம். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் வாசித்து முடித்துக் கண்காட்டிய பிறகு கிடைக்கும் சில நிமிஷங்கள்தான் அதன் ஆயுள். மானாமதுரை மண்ணில் செய்த கனத்த பானை; விரல் தேயச் சாதகம் செய்தால்தான் பேசும். அதைப் பேசவைக்கக் கற்றவனுக்கு நம் சபை கொடுத்த இடம் அது.

'சக்தி'யில் பாடகர் இல்லை. ஆகையால் நடுவும் இல்லை, பின்னும் இல்லை. விநாயக்ராம் வரிசையில் உட்கார்ந்தார். வடக்கத்தித் தபலாவும் தெற்கத்திக் கடமும் கண்ணுக்குக் கண் பார்த்துக்கொண்டு, சவாலும் ஜவாபுமாக, பதினைந்து இருபது நிமிஷ உருப்படிகளில் பெரும் பங்கைத் தாங்களே நடத்திச் சென்றார்கள். ஐந்தையும் ஏழையும் நாம் ஆயிரம் வருஷமாக வைத்திருக்கலாம். பானையை முன்வரிசைக்குக் கொண்டுவர வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை. 'எல்லாம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது' என்று சொல்கிறவர்களிடம் எனக்குள்ள வழக்கு இதுதான். இருந்ததை என்ன செய்தோம்?

வித்வான் பதில் சொல்லவில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டார்.

'சக்தி'யிடம் எனக்கு ஒரு குறையும் உண்டு. எவ்வளவு தூரம் போனாலும் அது கடைசியில் சமத்துக்கு வந்து சேர்ந்துவிடும், சபை கைதட்டிவிடும். ஹென்றி கௌ சில இரவு வந்து சேராமலே இருந்துவிடுவார்கள். மாடிப் பையன் அவர்கள் கட்சி; காரணத்தை அவனே சொல்லிவிட்டான். இரண்டும் வேண்டும் என்று நான் நழுவலாம், அது கோழைத்தனம். நான் 'சக்தி'யின் கட்சி. வந்து சேருமா சேராதா என்று நெஞ்சு பதைத்து, சேர்ந்துவிட்டது என்று மூச்சு விடுகிற சுகத்தை இந்த வயசில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

மூன்று தட்டுகளுக்குப் பிறகு 'சக்தி'யும் 1978-இல் கலைந்தது. ஹென்றி கௌ கலைந்த அதே வருஷம். சங்கர் பத்துத் தந்திகளும் இரண்டு கழுத்துகளும் உள்ள ஒரு வயலினை 1980-இல் செய்வித்துக்கொண்டு தம் வழியே போனார். 1981-இல் ராபர்ட் ஃப்ரிப் கிங் கிரிம்ஸனை மறுபடி கூட்டி ஒரு தட்டு வெளியிட்டார். தட்டின் பெயரே 'டிஸிப்ளின்', கட்டுப்பாடு! ஜாவாத் தீவின் கமலான் வாத்திய கோஷ்டியைப் போல் இரண்டு கிதார்கள் பின்னிப் பின்னி வாசிக்கும். அதில் ஓர் உருப்படியில் ஒன்று தன் சுற்றில் ஒரு ஸ்வரத்தைக் குறைத்துக்கொண்டு, மற்றொன்றிலிருந்து இழை இழையாக விலகி, பிறகு வந்து சேரும். நம் வித்வான் அதற்கு மட்டும் தலையை ஆட்டினார்.

நம் பக்கத்தில் 1986-இல் இளையராஜா, பாக்கையும் தியாகராஜரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்து 'ஹௌ டு நேம் இட்' செய்தார். சினிமா இல்லாமல், பாட்டு வரி இல்லாமல், ஒரு தமிழ்ச் சினிமா இசையமைப்பாளர் கொண்டுவந்த தட்டு. பெங்களூரில் 'அகம்' குழு கீர்த்தனங்களை ராக் முழக்கத்தோடு பாடுகிறது. நன்றாகவே பாடுகிறது, ஆனால் அங்கே நடு ஆசனம் மறுபடியும் பாடகருக்குத்தான்.

ஆசன மாற்றத்தை மெய்யாகத் தொடர்ந்தவர் என்று நான் கருதுவது சுகன்யா ராம்கோபாலை. விநாயக்ராமின் தகப்பனார் ஹரிஹர சர்மா சென்னையில் நடத்திய தாள வாத்தியப் பள்ளியில் கற்றவர். பெண்ணுக்கு இந்த வாத்தியம் தாங்குமா என்று விநாயக்ராமே முதலில் தயங்கினார். ஹரிஹர சர்மா சொல்லிக்கொடுத்தார். மேடைக்கு வந்த பிறகு, பெண் கடம் வாசிக்கிற கச்சேரியில் நாங்கள் மிருதங்கம் வாசிக்க மாட்டோம் என்ற வித்வான்களையும் பார்த்தார். அவர் 1995-இல் பெண்களை மட்டும் கொண்டு 'ஸ்த்ரீ தால் தரங்க்' என்ற கோஷ்டியை அமைத்தார். வெவ்வேறு சுருதியில் சேர்த்த ஐந்தாறு கடங்களை முன்னால் பரப்பி, தாள வாத்தியத்தில் ராகமே வாசித்தார். கடத்தைச் சுற்றி மற்ற வாத்தியங்கள் உட்கார்ந்தன. லண்டனில் ஐந்து குழுக்கள் செய்ததைத் தனி ஆளாகச் செய்தவர் என்று சொன்னால் மிகையாகாது. சங்கீத நாடக அகாதமி விருது 2014-ஆம் வருஷத்துக்கு அவருக்குக் கிடைத்தது.

மாடிப் பையன் தன் லைட் மியூசிக் குழுவை விடவில்லை. கல்யாண முகூர்த்தங்களை விட்டால் தங்கை படிப்புக்கு யார் கட்டுவது என்கிறான். ஆனால் குழுவில் பம்பை வாசிக்கிற பையனும் இவனும் ஷிப்ட் இல்லாத இரவுகளில் வல்லம் பக்கத்தில் ஒரு காலி ஷெட்டில் உட்கார்ந்து ஏதோ பண்ணுகிறார்கள். நான் இன்னும் கேட்கவில்லை, கூப்பிடுகிறபோது போவேன்.

'சக்தி' 1997-இல் மறுபடி கூடியது. பிறகு மாண்டலின் ஸ்ரீநிவாஸ் அதில் சேர்ந்தார். 2014-இல், நாற்பத்தைந்து வயசில், மறைந்தார். 2023-இல் வெளியான புதுத் தட்டுக்கு 2024 பிப்ரவரியில் கிராமி விருது கிடைத்தது. அதே வருஷம் டிசம்பர் 15-ஆம் தேதி ஜாகிர் உசேன் காலமானார். அந்தத் தட்டில் விநாயக்ராமின் இடத்தில் உட்கார்ந்து வாசித்திருப்பவர் அவருடைய பிள்ளை செல்வகணேஷ். அவர் கையில் பெரும்பாலும் கஞ்சிரா. சபாக் கச்சேரியில் அதுவும் பின்வரிசைதான்.